மிளகின் சர்க்கரை

நிலாக்குகைக் குடியிருப்பில் சுவர் சொல்லும் காலைச் செய்தி என்றைக்கும் ஒரே வரிசையில்தான் வரும். முதலில் குகைக்குள் காற்றழுத்தம். அடுத்து, மூச்சுப்பண்ணையில் பாசி எப்படி வளர்கிறது, உயிர்வளிக்குக் குறைவில்லையே என்பது. பிறகு வெளியே நிலவின் தரையில் எவ்வளவு குளிர். கடைசியாகப் பூனையின் சர்க்கரை.

“மிளகு, முந்நூற்று எழுபது” என்று சொல்லிவிட்டுச் சுவர் ஓய்ந்தது.

பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் துலக்குவதை நிறுத்தினார்கள். உணவுக்கூடத்தில் இட்லித் தட்டோடு நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காற்றழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தால்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்கள். காற்றைச் சரிசெய்ய அங்கயற்கண்ணி இருந்தாள். மிளகைச் சரிசெய்யத்தான் வழி தெரியவில்லை.

அங்கயற்கண்ணி குடியிருப்பின் காற்றுக்குழாய்ப் பொறியாளர். ஐம்பதைத் தாண்டியவள். அங்கே ஒவ்வொருவருக்கும் பிழைப்புக்கு ஒரு வேலை, பொதுவுக்கு ஒரு வேலை என்று ஏற்பாடு. பொதுவுக்கு என்று இவள் கேட்டு வாங்கிக்கொண்டது இரண்டு: வேல் கூடத்தில் மாலை நிவேதனம் செய்வது, மிளகைப் பார்த்துக்கொள்வது. இரண்டையும் ஒரே மனதோடுதான் செய்துவந்தாள். நிலாக்கல்லில் செதுக்கிய வேலுக்கு முன்னால் கைகூப்பும்போது, குடியிருப்பில் உள்ள எல்லாருடைய பெயரையும் சொல்லிவிட்டுப் பூனையின் பெயரையும் சேர்த்துச் சொல்வாள்.

மிளகு நிலவிலேயே பிறந்த சாம்பல் நிறப் பூனை. முன்பெல்லாம் நடுக்கூடத்தின் பெரிய விளக்குக்குத் தரையிலிருந்து ஒரே தாவலில் போய்விடும். அந்த விளக்கு மூன்று ஆள் உயரத்தில் தொங்குவது. அதன் வெதுவெதுப்பில் படுத்துக்கொண்டு, கீழே போகிறவர்களை ஒரு கண்ணால் பார்க்கும். நோய் வந்த பிறகு தாவல் போயிற்று. பின்னங்கால்களின் குதிகால் தரையில் பதிய, முழங்கால் வலிக்காரரைப் போல நடந்தது. உடம்பு இளைத்தது. தண்ணீர்க் குழாயடியிலேயே கிடந்தது. கனத்த ஆட்கள்கூட ஓர் எம்பில் மேல்மாடத்தைத் தொடுகிற நிலவில், ஒரு பூனை நாற்காலியில் ஏற முடியாமல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் காண யாருக்கும் பொறுக்கவில்லை.

சர்க்கரை நோய் அங்கே புதிதல்ல. நிலவில் உடம்புக்குப் பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு எடைதான். சுமை குறைந்தால் சதைக்கு வேலை குறையும். வேலையில்லாத சதை, இரத்தத்தில் வருகிற சர்க்கரையைக் கேட்டு வாங்காது. குடியேறியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த வாசலில்தான் நின்றார்கள். ஆகவே உணவுக்கூடத்தில் இனிப்புக்குத் தடை. தடைக்கு ஒரே விலக்கு வேல் கூடத்து நிவேதனம். சாமி காரியத்தில் கைவைக்க உணவுக்குழுவில் யாருக்கும் துணிவு வரவில்லை. பண்ணை பீட்ரூட்டிலிருந்து காய்ச்சிய வெல்லம் ஒரு பேழையில் பூட்டியிருக்கும். மாலைப் பூசை வேளையில் பேழை தானே திறந்து அன்றைய அளவைக் கொடுத்துவிட்டு மூடிக்கொள்ளும். அங்கயற்கண்ணி அதில் சர்க்கரைப் பொங்கல் செய்வாள். நுண்ணுயிர்த் தொட்டியில் எடுத்த நொதிநெய்யைத் தாராளமாக விடுவாள். பூசை முடிந்ததும் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு நெல்லிக்காய் அளவு வைப்பாள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கியதை எறியவும் முடியாது. பூமியாக இருந்தால் செடி மூட்டில் போடலாம், காக்கைக்கு வைக்கலாம். குகைக்குள் செடிகள் அளந்து ஊற்றும் உரத்தில் வளர்பவை, காக்கை கிடையாது. கழுவி விட்டால் அந்த நீர் கழிப்பறை நீரோடு கலந்து, சுத்தமாகி, குடிநீராகத் திரும்பி வரும். சாமிக்குப் படைத்ததை அந்த வழியில் அனுப்ப யாருக்கு மனம் வரும்? அங்கயற்கண்ணி அதனால்தான் பொங்கல் உருளியைக் கழுவுமுன் மிளகின் முன்னால் வைத்துவிடுவாள். அது நெய் மினுங்கும் அடிப்பற்றைச் சுத்தமாக நக்கிவிட்டு, அவள் கணுக்காலில் ஒரு முறை உரசிவிட்டுப் போகும். உருளியும் சுத்தம், ஒரு வாயில்லா ஜீவனுக்கும் பிரசாதம் கிடைத்தது என்று அவளுக்கு நிறைவாக இருக்கும். இந்தத் துளியால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாள். அப்படி நினைத்தாள் என்பதுகூடச் சரியில்லை. அந்த எண்ணம் வருமுன்பே உருளியைக் கழுவ எடுத்துவிடுவாள்.

மனிதர்களுக்கான பரிசோதனை ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு முறை நடக்கும். சுற்றுவெளி மருத்துவமனையிலிருந்து டாக்டர் மெஹருன்னிசா விண்ணோடத்தில் வருவார். ஒருவருடைய இரத்தத்தை அவர் அனுமதியில்லாமல் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது குடியிருப்பின் சாசனம். ஆகவே வருகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சொன்ன நிமிடத்திலிருந்து குடியிருப்பே மாறிவிடும். எடைக்கூடத்தில், சுழலும் அறைக்குள் பூமியின் எடையோடு நடந்து பழக, இடம் கிடைக்காது. இரவுச் சாப்பாட்டுக்குக் கீரையும் மோரும் கேட்டு வரிசை நிற்கும். சில மாதச் சராசரியைக் காட்டிக்கொடுக்கும் பழைய சோதனை நிலவில் செல்லாது, இங்கே இரத்த அணுக்களுக்கு ஆயுள் குறைவு. அன்றைய அளவுதான் அளவு. அது எப்போதும் அருமையாக இருந்தது. சர்க்கரையை வென்ற குடியிருப்பு என்று பூமியிலிருந்து ஒரு கேடயம்கூட வந்து, உணவுக்கூடச் சுவரில் தொங்கியது.

பூனைக்குச் சாசனம் இல்லை. அதன் கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு குருதிக்கண் பதித்திருந்தார்கள். சர்க்கரையை ஓயாமல் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும். முதுகில் ஒரு மருந்தூற்று. அது பழைய வகை. காலையிலும் மாலையிலும் சொன்ன அளவு இன்சுலினைச் சொன்னபடி ஊற்றிவிடும். நடுவில் நிறுத்தத் தெரியாது. அளவைத் தீர்மானிப்பது தாதியின் வேலை.

தாதி என்பது குடியிருப்பின் மருத்துவ எந்திரம். இடுப்புயரம், நான்கு மெல்லிய கைகள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிர்நீல வெளிச்சம். எல்லோரிடமும் அச்சடித்த மாதிரித் தமிழ் பேசும். மிளகின் சர்க்கரை ஏறும்போதெல்லாம் அது வீடு வீடாகப் போய், மீனைத் தவிர வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்கும். எல்லாரும் இல்லை என்பார்கள். தாதி நன்றி சொல்லிவிட்டு இன்சுலினைக் கொஞ்சம் கூட்டும். சர்க்கரை இறங்காது. மறுபடி கேட்கும். மறுபடி இல்லை. மறுபடி கூட்டும்.

இந்த நிலையில்தான் பூமியிலிருந்து கடிதம் வந்தது. பூனையின் நோய் கட்டுக்குள் வராவிட்டால் விலங்குநல விதிப்படி அதைப் பூமியிலுள்ள மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். டாக்டர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார். படித்ததும் எல்லாருக்கும் பொருள் புரிந்துவிட்டது. நிலவில் பிறந்த இதயம் ஆறு மடங்கு எடையைத் தாங்காது. சிகிச்சைக்குப் போகிற வழியிலேயே மிளகு இறந்துவிடும்.

அன்று மாலை நடுக்கூடத்தில் கூட்டம் கூடியது. நிலவுப் பாறையில் பனி வெட்டும் குழுவின் தலைவன் செங்கோடன் எழுந்து, தான் ஒரு பருக்கைகூடக் கொடுத்ததில்லை என்று வேலின் பக்கம் கையை நீட்டிச் சொன்னான். பள்ளிக்கூட ஆசிரியைகள் சொன்னார்கள். பாசிப் பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். அங்கயற்கண்ணியும் சொன்னாள். உருளியை நக்குவது கொடுப்பதில் சேராது என்பது அவள் கணக்கு. எல்லாரும் சொன்ன பிறகு மிச்சமிருந்தது ஒரே ஒரு சந்தேகம். அதை வாய்விட்டுச் சொன்னவளும் அவள்தான்.

“எனக்கென்னமோ தாதிக்குத்தான் கணக்குத் தப்புதுன்னு தோணுது. பழசாயிருச்சுல்ல. நெனவ அழிச்சுட்டுப் புதுசா எழுதுனாத்தான் சரிப்படும்.”

தாதி கூட்டத்தின் ஓரத்தில் மிளகை மடியிலிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பூனையின் தாடைக்கடியில், இடப்பக்கம், அதற்குப் பிடித்த இடத்தில் ஒரு விரல் சொறிந்துகொண்டிருந்தது.

“அப்படி இருக்கலாம், அம்மா” என்றது. “நீங்கள் அனைவரும் சொன்னதை வைத்துத்தான் கணக்கிட்டேன். விடை தவறாக வருகிறது. அப்படியானால் பிழை என்னிடம்தான் இருக்க வேண்டும்.”

டாக்டர் வந்து போனதும் தாதியின் நினைவை அழித்துவிடுவது என்று முடிவாயிற்று. கை தூக்கியவர்களில் யாரும் தாதியின் பக்கம் பார்க்கவில்லை.

டாக்டர் வருகிற நாளுக்கு முந்தைய மாலை அங்கயற்கண்ணி உருளியைத் தானே துணியால் துடைத்து, துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். ஒரு நாளாவது சர்க்கரை நல்லபடியாக இருக்கட்டும் என்பது நினைப்பு. மிளகு வந்து உருளி இருக்கும் இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தது. பிறகு வேல் கூடத்து வாசலுக்குப் போய்ப் படுத்து, வெளியே வருகிற ஒவ்வொருவர் கையையும் பார்த்தது. எல்லாரும் அன்று அதைத் தாண்டி வேகமாகப் போனார்கள். அங்கயற்கண்ணி அவித்த மீனைத் தட்டில் வைத்தாள். மிளகு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மருந்தூற்று மட்டும் வேளை தவறாமல், கூட்டிக் கூட்டி வைத்திருந்த அளவை முழுதாக ஊற்றியது. எண் இறங்கியதைப் பார்த்துத் தாதி அளவைக் குறைக்குமுன், மறுநாள் காலையிலும் ஊற்றியது.

காலைச் செய்தியில் மிளகின் எண் தொண்ணூற்றாறு என்று வந்தபோது உணவுக்கூடத்தில் கைதட்டல். சிலர் தழுவிக்கொண்டார்கள். அந்த எண் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதை யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் மெஹருன்னிசா நடுக்கூடத்துக்குள் வந்து, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, எங்கே நம்ம நோயாளி என்று கேட்டார். மிளகு அவரை நோக்கி நடந்தது. நடை கோணலாகப் போயிற்று. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு அது விழுந்தது. நிலவில் எதுவும் மெல்லத்தான் விழும்; விழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க எல்லாருக்கும் நேரம் கிடைக்கும். தரையைத் தொட்டதும் அதன் கால்கள் வெட்டிவெட்டி இழுத்தன.

“சர்க்கரை முப்பத்தைந்து. இன்னும் இறங்குகிறது” என்றது தாதி.

டாக்டர் மண்டியிட்டார். “இனிப்பு எதாவது குடுங்க. வெல்லம், தேன், எதுனாலும். ஈறுல தடவணும், உடனே.”

அவருடைய மருந்துப் பெட்டி இன்னும் தூசிநீக்கும் அறையில் இருந்தது. அந்தக் கதவு தன் வேலையை முடித்த பிறகுதான் திறக்கும். வெல்லப் பேழை மாலையில்தான் திறக்கும். தாதி இரண்டையும் சொன்னது. வேறு இனிப்பு குடியிருப்பில் எங்காவது உண்டா என்று கேட்டது.



வேல் கூடத்தில், விளக்குக்குப் பின்னால், திருநீற்றுச் சம்புடம் போல ஒரு சிறிய டப்பா இருந்தது. அதில் திருநீறு இல்லை. பேழை கொடுக்கிற வெல்லத்தில் நாளும் ஒரு சின்ன உடைசலை அங்கயற்கண்ணி அதில் போட்டு வைப்பாள். காற்றுக்குழாயில் தனியே வேலை செய்யும்போது ஒன்றை நாக்கில் வைத்துக்கொள்வாள். யாருக்கும் தெரியாது. இப்போது அந்த டப்பா அவள் கண்ணுக்குள் தெரிந்தது. அதை எடுத்து வந்தால், இத்தனை பேர் முன்னால், சாமி வெல்லத்தைத் திருடியவள் என்று நிற்க வேண்டும். வேறு யாராவது எதையாவது கொண்டு வரமாட்டார்களா என்று அவள் சுற்றிலும் பார்த்தாள். பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. மற்றவர்களும் அப்படியேதான் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிளகின் கண்கள் திறந்தே இருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை.

முருகா, என்று முனகிக்கொண்டு அங்கயற்கண்ணி பாய்ந்தாள். வேலின் முன்னால் விளக்கை நகர்த்தி, டப்பாவை எடுத்து, அங்கேயே திறந்து, ஓடி வந்தாள். வெல்லத்தை எச்சிலில் நனைத்து டாக்டர் காட்டிய இடத்தில், மேல் ஈறில், விரலால் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

மெல்ல அவளைச் சுற்றி நிழல்கள் விழுந்தன. நிமிர்ந்து பார்த்தபோது நீட்டிய கைகள். செங்கோடனின் கையில் கருப்பட்டித் துண்டு. வெளியே போடும் கவசத்தின் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்தானாம். ஓர் ஆசிரியை தலைமுடிக் கொண்டைக்குள்ளிருந்து தேன் மிட்டாய் எடுத்தாள். பாசிப் பண்ணைக்காரர் ஒருவர் விதைக் குப்பியில் சீனி கொண்டு வந்தார். கடலை மிட்டாய், காய்ந்த அதிரசம், யாரோ பூமியிலிருந்து மருந்து என்று சொல்லி வரவழைத்த குல்கந்து. டாக்டர் மெஹருன்னிசா தன் மேலங்கிப் பையைத் தடவிப் பார்த்து, ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, ஆபத்துக்கென்று வைத்திருப்பது என்று யாரும் கேட்காமலே சொன்னார். அவருக்கும் சர்க்கரை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும்.

மிளகின் கால்கள் ஓய்ந்தன. நாக்கு ஒரு முறை வெளியே வந்து மூக்கை நக்கியது.

“அறுபது. ஏறுகிறது” என்றது தாதி. பிறகு தரையில் குவிந்து கிடந்ததைத் தன் நீல வெளிச்சத்தால் ஒரு முறை சுற்றிப் பார்த்தது. “இவை எங்கிருந்து வந்தன?”

சர்க்கரையை வென்ற குடியிருப்பு தலைகுனிந்து நின்றது. கேடயம் தொங்குகிற சுவரின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

டாக்டர் பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இதற்கு யார் யார் என்னென்ன கொடுத்தீர்கள், உண்மையைச் சொன்னால்தான் சரியான அளவை வைக்க முடியும் என்றார். அங்கயற்கண்ணி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்.

“நாந்தான். தெனமும் உருளிய நக்க விட்டேன். நேத்து மட்டும் விடல. நீங்க வர்றீங்கன்னு.”

அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பரிசோதனை நெருங்குகிறது என்று பயந்து தன் பங்கைக் கொடுத்தவர்கள், பாவமாகப் பார்க்கிறதே என்று கொடுத்தவர்கள், தான் சாப்பிட்டுவிட்டு விரலை மட்டும் நக்கவிட்டவர்கள். எல்லாரும் ஒரு துளிதான் என்றார்கள். எல்லாரும் தான் ஒருவர்தான் என்று நினைத்திருந்தார்கள். நேற்று எல்லாரும், யாரும் சொல்லாமலே, நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, வேலுக்குப் படைத்ததில் பெரும்பகுதி பூனை வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது என்றார்.

“அதுக்கு ரொம்பப் பிடிக்குமுங்க” என்றான் செங்கோடன், குரல் இறங்கி. “நம்மளாட்டவே இனிப்புன்னா உசுரு.”

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் வருத்தமாகத்தான் சொன்னார்.

“தம்பி, பூனைக்கு இனிப்பே தெரியாது. அதோட நாக்குல அந்த ருசி கிடையாது. நெய் வாசத்துக்கு நக்கியிருக்கும். இனிப்பு பிடிச்சது உங்களுக்கு.”

அன்று மாலைப் பூசைக்கு வந்தவர்கள் வேலின் பக்கம் நிமிர்ந்து பார்க்கத் தயங்கினார்கள். அங்கயற்கண்ணி பொங்கல் செய்யவில்லை; ஒரு குவளை தண்ணீர் வைத்துக் கும்பிட்டாள். எல்லாரும் போன பிறகு தாதி மிளகைத் தூக்கிக்கொண்டு வந்தது. நினைவழிப்புக்குத் தான் தயாராக இருப்பதாகவும், மிளகைத் தாடைக்கடியில் இடப்பக்கம் சொறிய வேண்டும் என்பதை யாராவது மறக்காமல் புதிய நினைவில் எழுதிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

ஓர் எந்திரத்திடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அங்கயற்கண்ணிக்குத் தெரியவில்லை. மனிதரிடம் கேட்பது போலவே கேட்டாள்.

“ஒன் நெனவ யாரும் அழிக்க மாட்டாங்க தாதி. கணக்கு சரியாத்தான் போட்ட. நாங்க சொன்னதுதான் பொய்.”

“எல்லாருமா, அம்மா?”

“எல்லாரும்.”

“மனிதர் சொல்வதை நம்ப வேண்டும் என்பது எனக்கு முதலில் எழுதப்பட்ட வரி” என்றது தாதி. “அதை மாற்ற வேண்டுமா?”

“வேணாம்” என்றாள் அவள். “அத நாங்க பாத்துக்கிறோம்.”

தாதி பூனையை அவள் மடியில் விட்டது. மிளகு உருளியைத் தேடவில்லை. தலையை அவள் உள்ளங்கைக்குள் நுழைத்து, அப்படியே வைத்துக்கொண்டது. இத்தனை நாளும் கணுக்காலில் உரசியது எதற்கு என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அது கேட்டது கையை. அவள் கொடுத்தது உருளி. கொடுத்துவிட்டோம் என்ற நிறைவில் கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறாள்.

மறுநாளிலிருந்து வேல் கூடத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. மிளகுக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் வாசலில் உட்கார்ந்து, அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முதலில் சிலருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு துளி பொங்கல் வைத்துவிட்டுப் போவது எளிது, உட்காருவது கடினம். பிறகு பழகிவிட்டது. செங்கோடன் பனி வெட்டிவிட்டு வந்த கையைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டுத்தான் பூனையைத் தொடுவான். மிளகு மீனைத் தின்னத் தொடங்கியது. தாதி இன்சுலினைக் குறைத்தது, மறுபடி குறைத்தது. பூனைகளுக்கு ஒரு பாக்கியம் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலத்தில் கவனித்துவிட்டால் ஓய்ந்த கணையம் சில சமயம் திரும்ப விழித்துக்கொள்ளும்.

அது விழித்துக்கொண்டது.

“மிளகு, நூற்றுப் பத்து. மருந்தூற்று நிறுத்தப்பட்டது” என்று ஒரு காலையில் சுவர் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் நடுக்கூடத்தில் கூச்சல். மிளகு தரையில் பதுங்கி, பின்புறத்தை ஆட்டி, ஒரு சாம்பல் நிறக் கோடாக எழும்பிப் போய்ப் பெரிய விளக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. அங்கயற்கண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூமிக்குப் பயணம் இல்லை என்று மாலைக்குள் உத்தரவும் வந்துவிட்டது.

இவ்வளவு பெரிய சந்தோஷத்தை எப்படிக் கொண்டாடுவது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உணவுக்குழுவே கூடிப் பேழையின் அளவைத் தளர்த்தியது. அங்கயற்கண்ணி பெரிய உருளியை எடுத்தாள். நெய் மணம் காற்றுக்குழாய்கள் வழியே குகை முழுவதும் போயிற்று. அன்று நெல்லிக்காய் அளவெல்லாம் இல்லை, கைநிறைய வைத்தாள். எல்லாரும் தின்றார்கள். சர்க்கரையை ஒழித்ததற்கு இன்னொரு கை என்று சிரித்துக்கொண்டே மறுபடி நீட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வைத்தாள், தானும் வைத்துக்கொண்டாள். மிளகுக்கு மட்டும் யாரும் ஒரு பருக்கை கொடுக்கவில்லை. அந்தப் பாடத்தைக் குடியிருப்பு நன்றாகவே கற்றிருந்தது.

மூன்றாவது கை பொங்கலோடு எல்லாரும் நின்றபோது சுவர் பேசியது. டாக்டர் மெஹருன்னிசாவுக்கு மிளகைப் பார்க்க ஆசையாக இருப்பதால் முன்கூட்டியே புறப்பட்டுவிட்டார். நாளைக் காலை வந்துவிடுவார். வந்த கையோடு மனிதர்களுக்கான பரிசோதனையையும் முடித்துக்கொள்வார்.

சிரிப்பு நின்றது. தின்னவும் முடியாது, எறியவும் முடியாது. ஏந்திய கைகள் ஏந்தியபடியே இருக்க, எல்லாருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. வேல் கூடத்து வாசலுக்கு. அங்கே யாரும் படுத்திருக்கவில்லை.

தாதி தன் வேலையைத் தொடங்கியிருந்தது. பரிசோதனைக்கு முந்தைய நாள் ஒவ்வொருவரிடமும் உணவு பற்றிக் கேட்பது அதன் கடமை. ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு, பதிலையே கேள்வியாக்கிக்கொள்ள அது கற்றிருந்தது.

“அம்மா, இன்று இனிப்பு எதுவும் சாப்பிடவில்லை என்று பதிந்துகொள்ளலாமா?”

ஆமாம் என்ற சொல் அங்கயற்கண்ணியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. யோசிக்காமலே வந்தது, அவ்வளவு பழகிய சொல். அது அங்கே வந்து நிற்பதை உணர்ந்ததும் அவள் முகம் சுட்டது. நீல வெளிச்சம் அமைதியாக, அவள் சொல்லப்போவதை நம்பக் காத்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு கை தின்னுட்டேன் தாதி” என்றாள். “இந்தா, இது மூணாவது.”

“நன்றி, அம்மா” என்றது தாதி. அடுத்து நின்ற செங்கோடனிடம் திரும்பி, அதே கேள்வியைக் கேட்டது.

செங்கோடனின் கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போயிற்று. அவன் தாதியைப் பார்த்தான். விளக்கை நிமிர்ந்து பார்த்தான். மேலே மிளகு ஒரு காலைத் தூக்கி நிதானமாக நக்கிவிட்டு, கீழே இருப்பவர்களை ஒரு முறை பார்த்து, கண்ணை மூடிக்கொண்டது. செங்கோடன் அங்கயற்கண்ணியின் காதருகே குனிந்தான்.

“ஏனுங்க்கா, ஊர்லருந்து இன்னொரு பூனை வரவழைக்கலாமுங்களா?”

மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் கூடம் அவ்வளவு நிசப்தமாக இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பலருக்கு அந்த எண்ணம் ஏற்கெனவே வந்திருந்தது.